சட்டத்தின் நீளமும் முறையீட்டின் சுமையும்

தெற்காசிய நாடுகளின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்களை ஒப்பிட்டு எழுதுவோரிடையே ஒரு தரவரிசை ஏறத்தாழ மறுப்பின்றி நிலைபெற்றுவிட்டது. மாவட்டம், மாநிலம், தேசம் என்னும் மூன்றடுக்குக் குறைதீர் ஆணையங்களையும், வரையறுக்கப்பட்ட ஆறு நுகர்வோர் உரிமைகளையும், பழுதான பொருளால் விளையும் தீங்குக்கு உற்பத்தியாளரையும் விற்பவரையும் பொறுப்பாக்கும் தனி அத்தியாயத்தையும், இணைய வணிகத்துக்கென்று தனி விதிகளையும் கொண்ட இந்தியச் சட்டம் முன்னோடி என்றும், நுகர்வோருக்கெனத் தனி நீதிமன்றம் இல்லாத இலங்கைச் சட்டம் பின்தங்கியது என்றும், எல்லாவற்றையும் அதிகாரிகளின் கையில் ஒப்படைத்துவிட்ட வங்கதேசச் சட்டம் அதற்கும் ஒரு படி கீழே என்றும் அந்த வரிசை சொல்கிறது. அதிலிருந்து பிறக்கும் பரிந்துரையும் சுருக்கமானது: அண்டை நாடுகள் இந்தியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்துத் தங்கள் சட்டங்களைத் திருத்திக்கொண்டால் போதும்.

இந்த வரிசை பிழையானது. இந்தியச் சட்டத்தில் குறையிருப்பதால் அது பிழையாகிவிடவில்லை. குறையில்லாத சட்டம் எந்த நாட்டிலும் கிடையாது. சட்டப் புத்தகத்தில் எத்தனை உரிமைகள் எழுதப்பட்டுள்ளன, எத்தனை அடுக்குகளில் ஆணையங்கள் உள்ளன, அபராதத் தொகையில் எத்தனை சுழியங்கள் உள்ளன என்று எண்ணிப் பார்க்கும் ஒப்பீடு, ஏமாற்றப்பட்ட ஒருவர் தன் உரிமையைக் கையில் பெறுவதற்குள் எவ்வளவு சுமக்க வேண்டியிருக்கிறது என்பதையும், அந்தச் சுமை முறையிடுபவர் மீது விழுகிறதா, அரசின் மீது விழுகிறதா, விற்றவர் மீது விழுகிறதா என்பதையும் கேட்பதே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் மூன்று நாடுகளின் இடமும் மாறுகிறது; அதுவும் குறையின் தன்மைக்கேற்ப வெவ்வேறு விதமாக மாறுகிறது.

முதலில் 'முன்னோடி' என்ற சொல்லுக்கு இங்கே என்ன ஆதாரம் என்று பார்க்க வேண்டும். இந்தியா தனது முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை 1986 டிசம்பரில் இயற்றியது. இலங்கையில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரிலேயே ஒரு சட்டம் 1979இல், அதாவது ஏழாண்டு முன்னதாகவே, வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் பலம் பொருந்திய தரப்பு சிறிய எழுத்தில் நுழைத்துவிடும் ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளை, அதாவது 'எந்த இழப்புக்கும் நிறுவனம் பொறுப்பல்ல' என்பன போன்ற வாசகங்களை, நீதிமன்றம் செல்லாதவையாக்கும் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டத்தை இலங்கை 1997இல் இயற்றியது. இந்தியச் சட்ட ஆணையம் இத்தகைய சட்டம் வேண்டும் என்று 1984இல் தனது 103ஆம் அறிக்கையிலும், 2006இல் தனது 199ஆம் அறிக்கையிலும் பரிந்துரைத்தும், நியாயமற்ற ஒப்பந்தம் என்ற கருத்து இந்திய நுகர்வோர் சட்டத்துக்குள் நுழைய 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நுழைந்த பிறகும் அது மாவட்ட ஆணையத்தின் வாசலுக்கு வரவில்லை. நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய முறையீட்டை விசாரிக்கும் அதிகாரத்தை 2019ஆம் ஆண்டுச் சட்டம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் மட்டுமே தருகிறது. தொலைபேசி இணைப்புக்கோ தனிப்பயிற்சி வகுப்புக்கோ கையெழுத்திட்ட தாளில் உள்ள ஒரு நிபந்தனையை எதிர்க்க விரும்பும் இராமநாதபுரத்துக்காரர், சாதாரணச் சேவைக் குறையைச் சொந்த மாவட்டத்திலேயே முறையிடலாம் என்றாலும், இதற்கு மட்டும் மாநில ஆணையத்தை நாட வேண்டும். உரிமைகளை எண்ணும் ஒப்பீட்டில் இது 'உண்டு' என்ற கட்டத்தில் ஒரு சரிக்குறியாக விழுந்துவிடுகிறது.

ஒப்பீட்டின் இரண்டாவது பிழை, ஒரு சட்டத்துக்கு எதிரே ஒரு சட்டத்தை வைப்பது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், 1979ஆம் ஆண்டுச் சட்டத்தையும், 1987ஆம் ஆண்டின் நியாயமான வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தையும், பழைய விலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் நீக்கி, மூன்றின் வேலையையும் ஒரே அமைப்பிடம் கொடுத்தது. இந்தியாவில் அந்த வேலைகள் 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம், 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்று வெவ்வேறு துறைகளிடம் பிரிந்து கிடக்கின்றன. ஆகவே இலங்கைச் சட்டத்தில் விலையும் முத்திரையும் பற்றிய பிரிவுகளே மலிந்திருக்கின்றன என்று குறைகூறுபவர், இந்தியச் சட்டத்தில் அவை ஏன் இல்லை என்பதற்கான காரணத்தை மறந்துவிடுகிறார். இந்தியச் சட்டத்தில் தீர்ப்பாயங்கள் பற்றிய பிரிவுகள் மலிந்திருப்பதைப் புகழ்பவரோ, அங்காடியில் அன்றாடம் நடக்கும் ஏமாற்றுகளில் பெரும்பகுதி அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே வேறொரு துறையின் மேசையில் கிடப்பதைக் காண்பதில்லை.

இதைத் துல்லியமாகக் காட்ட ஒரு குடிநீர் போத்தல் போதும். இந்தியாவில் பொட்டலப் பண்டங்களின் மீது அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அந்த விலையை நிர்ணயிப்பவர் பெரும்பாலும் உற்பத்தியாளரே, அரசு அல்ல. அச்சிட்ட விலைக்கு மேல் கடைக்காரர் விற்றால் அது எடையளவுச் சட்டத்தின் கீழ்க் குற்றம். தமிழ்நாட்டில் அதை விசாரிப்பது தொழிலாளர் துறையின் ஆய்வாளர். அவர் விதிக்கும் தொகை அரசுக் கணக்கில் சேரும். கூடுதலாகப் பத்து ரூபாய் கொடுத்தவருக்கு அந்தப் பத்து ரூபாய் வேண்டுமென்றால் அவர் தனியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்க வேண்டும். உணவகமும் விடுதியும் போத்தலோடு சேவையையும் சேர்த்தே தருகின்றன என்பதால், அங்கே அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவதை எடையளவுச் சட்டம் தடுக்காது என்று 2017 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், மேசை மீது வைக்கப்படும் போத்தலுக்கு அந்த வழியும் இல்லை.

இலங்கையில் அதே போத்தலுக்கு அதிகார சபையே வர்த்தமானி அறிவித்தல் மூலம் உச்ச விலை விதிக்கிறது. வர்த்தமானி என்பது அரசின் உத்தரவுகள் சட்ட வலுப் பெறுவதற்காக வெளியிடப்படும் அரசிதழ். 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த உத்தரவின்படி ஒரு லீற்றர் போத்தலின் உச்ச விலை 100 ரூபாய். அதை மீறிய வணிகரை அதிகார சபையின் அதிகாரி நீதவான் நீதிமன்றத்தில் நிறுத்துகிறார். முறையிட்டவர் 1977 என்ற எண்ணுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்ததோடு அவரது வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் அவருக்கும் எதுவும் திரும்பக் கிடைப்பதில்லை, தண்டப்பணம் அரசுக்கே.

வங்கதேசத்தின் 2009ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமோ இந்த இடத்தில் ஒரு கூர்மையான யோசனையைக் கையாள்கிறது. நிர்ணயிக்கப்பட்ட விலைக்கு மேல் விற்றால் அச்சட்டத்தின் கீழ் ஓராண்டு வரை சிறையோ 50,000 டாக்கா வரை அபராதமோ விதிக்கலாம். முறையீடு எழுத்தில் கொடுக்கப்பட்டு, விசாரணையில் மெய்ப்பிக்கப்பட்டு, அபராதம் வசூலானால், அதில் 25 விழுக்காடு முறையிட்டவருக்கே உடனடியாக வழங்கப்படும் என்கிறது 76ஆம் பிரிவு. பத்து டாக்கா ஏமாற்றப்பட்டவருக்குப் பத்து டாக்காவைத் திருப்பித் தருவதால் எவரும் முறையிட வரமாட்டார்கள் என்ற உலகியல் உண்மையை ஏற்றுக்கொண்டு எழுதப்பட்ட பிரிவு இது. தரவரிசையின் அடியில் வைக்கப்படும் நாடு, சிறு ஏமாற்று என்ற ஒரு வகையில் மற்ற இரு நாடுகளையும் விட முறையிடுபவரை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது.

சிறு தொகையிலிருந்து நடுத்தரத் தொகைக்கு வந்தால் படம் வேறு. வாங்கிய சில வாரங்களில் பழுதாகி, மூன்று முறை பழுதுபார்த்தும் சரியாகாத ஒரு குளிர்சாதனப் பெட்டியை எண்ணிப் பார்க்கலாம். இந்தியாவில் 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள முறையீட்டுக்குக் கட்டணமே இல்லை. வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுத் தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 2020இலிருந்து இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். இவை உண்மையான நன்மைகள், இலங்கையரிடம் இல்லாத நன்மைகள். ஆனால் மனு ஏற்கப்பட்ட பிறகு நடப்பதைச் சட்டத்தின் 38ஆம் பிரிவோடு சேர்த்துப் படிக்க வேண்டும். எதிர்த்தரப்பு பதில் அளிக்க 30 நாள், தேவைப்பட்டால் மேலும் 15 நாள். பொருளின் குறையைப் பகுப்பாய்வோ சோதனையோ இன்றிக் கண்டறிய முடியாது என்று ஆணையம் கருதினால், மாதிரி முத்திரையிடப்பட்டுத் தகுதிபெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். ஆய்வகத்துக்கு 45 நாள். அதற்கான கட்டணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்லி முறையிட்டவரையே ஆணையம் பணிக்கலாம். ஆய்வறிக்கைக்கு எதிர்த்தரப்பு ஆட்சேபம் தெரிவிக்கலாம். பிறகு உறுதிமொழிப் பத்திரம், எழுத்து வாதம், வாய்தா. சோதனை தேவைப்படாத வழக்கு 3 மாதத்திலும், தேவைப்படும் வழக்கு 5 மாதத்திலும் முடிக்கப்பட வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது என்பதை, ஆணையத்தின் வாசலில் வாய்தாவுக்குக் காத்திருக்கும் எவரிடமும் சொல்லிப் பார்க்கலாம்.

தீர்ப்பு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், தோற்ற நிறுவனம் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டு மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். சட்டப் பிரச்சினை ஏதேனும் இருப்பதாகக் காட்ட முடிந்தால் தேசிய ஆணையம் வரை போகலாம். நிறுவனத்துக்கு இது நிரந்தரமாக அமர்த்தப்பட்ட வழக்குரைஞரின் மாத வேலையில் ஒரு பகுதி. குளிர்சாதனப் பெட்டிக்காரருக்கு அது விடுப்பெடுத்த நாள்களும் பயணச் செலவும். வழக்குரைஞர் இல்லாமல் முறையிடலாம் என்று சட்டம் அவருக்குச் சலுகை தருகிறது. எதிரே நிற்பவர் வழக்குரைஞரோடு வரக்கூடாது என்று மட்டும் சொல்வதில்லை. இத்தகைய சலுகையின் மதிப்பு எவ்வளவு என்பதை மலேசியா உணர்ந்திருந்தது. அங்கே 1999ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 2019இலிருந்து 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பொதுவிதியாக இரு தரப்பினரும் வழக்குரைஞரை நிறுத்த முடியாது. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அதுவே தனிக் குற்றம். தீர்ப்பாயம் என்றால் அது காலப்போக்கில் சிவில் நீதிமன்றமாகத்தான் மாறும் என்பது இந்திய அனுபவம். அது தவிர்க்க முடியாத விதி என்பதற்கு மலேசியா மறுப்பு.

இலங்கையில் குளிர்சாதனப் பெட்டியின் வழி குறுகியது. உத்தரவாதத்துக்கு ஏற்ப அமையாத பொருளைப் பற்றி வாங்கியவர் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுகிறார். இரு தரப்பையும் கேட்ட பிறகு, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ வணிகருக்குச் சபை உத்தரவிடலாம். வணிகர் கீழ்ப்படியாவிட்டால் வாங்கியவர் ஓட வேண்டியதில்லை. அதிகார சபையே நீதவான் நீதிமன்றத்துக்குச் சென்று, அந்தத் தொகையை நீதிமன்றம் விதித்த தண்டப்பணத்தைப் போலவே வசூலிக்கக் கோருகிறது. தீர்ப்பை நிறைவேற்றும் சுமையைச் சட்டம் அரசின் மீது ஏற்றியிருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு இணையானது இந்தியச் சட்டத்தில் இல்லை. அங்கே தீர்ப்பை வென்றவர், அதை நிறைவேற்றித் தரும்படி மீண்டும் ஒரு மனுவோடு ஆணையத்துக்கு வர வேண்டும். அந்த மனுவுக்கே நெடுங்காலம் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2003இல் நடைமுறைக்கு வந்த ஒரு திருத்தம், ஆணையத்தின் உத்தரவுகளைச் சொத்தை முடக்கி நிறைவேற்றுவது பற்றிய பிரிவில் இடைக்கால உத்தரவு என்ற சொல்லைப் புகுத்தியதால், இறுதி உத்தரவுகளுக்கு அந்த வழி உண்டா என்பதே ஐயத்துக்குரியதாயிற்று. 2020 ஜூலையில் புதிய சட்டம் வந்த பிறகே அந்த இடைவெளி எதிர்காலத்துக்கு மூடப்பட்டது, பழைய காலத்துக்கு அதை நேர்செய்ய 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. பதினேழு ஆண்டு காலம் தீர்ப்பை வென்றவர்களின் கையில் பல் பிடுங்கப்பட்ட தீர்ப்பு இருந்திருக்கிறது. அதே ஆண்டுகளில்தான் அச்சட்டம் தெற்காசியாவின் முன்மாதிரி என்று கொண்டாடப்பட்டது.

இலங்கை ஏற்பாட்டின் பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. அதை மறைப்பதில் பயனில்லை. முறையீடு விற்பனையோ சேவையோ நிகழ்ந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது சட்டம். ஓராண்டு, ஈராண்டு உத்தரவாதம் என்று அட்டையில் அச்சிட்டுப் பொருள் விற்கப்படும் காலத்தில் இந்தக் கெடு அபத்தமானது. வங்கதேசம் இன்னும் கடுமை: முறையீட்டுக்குக் காரணம் எழுந்த 30 நாளுக்குள். போதாததற்கு, நுகர்வோர் தாமாகக் குற்றவியல் நீதிமன்றத்தை நாட முடியாதபடி அங்கே கதவு அடைக்கப்பட்டிருக்கிறது. அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அரசு இயக்ககத்தின் தலைவரோ அவர் அதிகாரம் அளித்தவரோதான் வழக்குத் தொடரலாம். தனியார் மருத்துவமனையில் குறை கண்டால் இயக்ககம் அதைப் பார்வையிட்டுச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கலாமே தவிர, தானே நடவடிக்கை எடுக்க 73ஆம் பிரிவு விடுவதில்லை.

இங்கேதான் இந்திய முறையின் உண்மையான பலம் தெரிகிறது. அதை ஒப்புக்கொள்ளாமல் இந்த மறுப்பு நேர்மையாக நடக்க முடியாது. வீட்டுமனை வாரியமும் நகர வளர்ச்சிக் குழுமமும் வீடு கட்டித் தருவது சேவையே என்று 1993இல் லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கிலும், கட்டணம் வாங்கும் மருத்துவச் சிகிச்சையும் சேவையே என்று 1995இல் இந்திய மருத்துவச் சங்கத்துக்கும் வி. பி. சாந்தாவுக்கும் இடையிலான வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகள், தனி மனிதர் ஒருவர் பெருநிறுவனத்தையும் அரசு அமைப்பையும் மருத்துவரையும் எதிர்த்து நிற்க ஒரு மேடையை அமைத்துக் கொடுத்தன. அடுக்குமாடிக் குடியிருப்பு, காப்புறுதி, அறுவைச் சிகிச்சை போன்ற பெருந்தொகை விவகாரங்களில் சான்றுகள் நுணுக்கமானவை, நிபுணர் கருத்து தேவை, இரு தரப்பும் முழுமையாக வாதாட வேண்டும்; ஆண்டுக் கணக்கில் காத்திருப்பது கொடுமையென்றாலும், கிடைக்கப்போகும் தொகை அந்தக் காத்திருப்பைப் பொருளற்றதாக்கிவிடாது. இத்தகைய குறைகளில் இலங்கையர் பெரும்பாலும் சாதாரண சிவில் நீதிமன்றத்தையே நம்ப வேண்டியுள்ளது. இந்தியாவின் ஆணைய முறை இதற்காகவே செய்யப்பட்டது போல வேலை செய்கிறது. குளிர்சாதனப் பெட்டிக்கும் குடிநீர் போத்தலுக்கும் அதே எந்திரத்தை ஓட்டுவதில்தான் சிக்கல்.

அந்தப் பலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இந்தியச் சட்டம் 'நுகர்வோர்' என்பவரை விலை கொடுத்தவர் அல்லது கொடுக்க உடன்பட்டவர் என்றே வரையறுக்கிறது. எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனையின் நோயாளி அந்த வரையறைக்குள் வருவதில்லை என்பதைச் சாந்தா வழக்கின் தீர்ப்பே சொல்லிவிட்டது. ஆகவே அரசு மருத்துவமனையை மட்டுமே நம்பியிருக்கும் ஏழைக்கு ஆறு உரிமைகளில் ஒன்றும் அங்கே பயன்படாது. வழக்குரைஞரின் பணியும் அச்சட்டத்தின் எல்லைக்குள் வராது என்று 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவர் மீது வழக்குத் தொடர உதவும் தொழில் மட்டும் வழக்குக்கு அப்பாற்பட்டதாக இருப்பதை மருத்துவர்கள் எவ்வாறு எடுத்துக்கொள்வார்கள் என்பது தனிக் கதை.

இந்த வாதத்துக்கு எதிராக இரண்டு மறுமொழிகள் வரும். முதலாவது, இந்தியா இப்போது தீர்ப்பாயத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை, 1915 என்ற தேசிய உதவி எண்ணும், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாயும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாயும் வரை தண்டம் விதிக்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் உள்ளன என்பது. உண்மைதான். ஆனால் உதவி எண் முறையீட்டை நிறுவனத்துக்கு அனுப்பி இணக்கம் காண முயல்கிறது. நிறுவனம் மறுத்துவிட்டால் அதனால் உத்தரவிட முடியாது, மாவட்ட ஆணையத்துக்குப் போகும்படி வழிகாட்டத்தான் முடியும். மத்திய ஆணையமோ நுகர்வோரை ஒரு தொகுதியாகக் கருதி, பலரைப் பாதிக்கும் நடைமுறைகளைக் கவனிக்கிறது. தனியொருவரின் பழுதான பெட்டி அதன் வேலை அன்று. இலங்கையின் அதிகார சபை செய்வது போல் தனியொருவரின் முறையீட்டைக் கேட்டுக் கட்டுப்படுத்தும் உத்தரவு பிறப்பித்து, வசூலையும் தானே மேற்கொள்ளும் அமைப்பு இந்தியாவில் இன்னும் இல்லை.

இரண்டாவது மறுமொழி, அபராதத்தின் கடுமையைக் காட்டி இலங்கைக்கு முதலிடம் கேட்கும் எதிர்முனைக் கருத்து. அதையும் ஏற்க முடியாது. 2021ஆம் ஆண்டு 20ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், உச்ச விலையை மீறும் தனி வணிகருக்கு முதல் குற்றத்திலேயே குறைந்தது 1 லட்சம், அதிகம் 5 லட்சம் ரூபாய் என்றும், பதிவுபெற்ற நிறுவனத்துக்குக் குறைந்தது 5 லட்சம், அதிகம் 50 லட்சம் ரூபாய் என்றும் தண்டப்பணத்தை உயர்த்தியது. பெட்டிக்கடைக்காரர் ஒரு போத்தலுக்குப் பத்து ரூபாய் கூட்டி விற்றாலும் நீதவான் 1 லட்சத்துக்குக் கீழே இறங்க முடியாது. மொத்த வியாபாரியிடம் உச்ச விலைக்குச் சமமான விலையில் வாங்கியவரும், பதுக்கி வைத்துப் பத்து மடங்கு இலாபம் பார்த்தவரும் அந்தக் கீழெல்லையில் ஒன்றே. விலையை வர்த்தமானியில் எழுதுவதால் பண்டம் கடைக்கு வந்துவிடாது என்பதற்கும் இலங்கையிலேயே சான்று உண்டு: 2021 செப்டம்பர் தொடக்கத்தில் அரிசிக்கு விதிக்கப்பட்ட உச்ச விலை, அரிசி ஆலைகளோடு நடந்த இழுபறிக்குப் பின் அதே மாதத்தின் இறுதியிலேயே நீக்கப்பட்டது. விலைக் கட்டுப்பாடு என்பது உணவுக் கொள்கையின் ஒரு கருவி. நல்லதோ கெட்டதோ, அதன் வெற்றி தோல்வியைக் கொண்டு நுகர்வோர் குறைதீர்ப்பு முறையை எடைபோடுவது இலங்கைச் சட்டத்துக்கு நன்மையும் செய்யாது, நீதியும் செய்யாது. அதிகார சபையின் அதிகாரிகள் சந்தை தோறும் விலைப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் நேரம், பழுதான பொருள்கள் பற்றிய முறையீடுகளைக் கேட்கும் நேரத்திலிருந்து எடுக்கப்பட்டதே.

ஆகவே இலங்கை தனது சட்டத்தைத் திருத்தும்போது இந்தியாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மூன்றடுக்கு ஆணையங்களை அல்ல. இரண்டு கோடிக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டில் அத்தகைய அமைப்பை எழுப்பினால், அதற்குத் தலைவர்களையும் உறுப்பினர்களையும் தேடுவதே ஒரு தனித்துறையாகிவிடும்; இந்தியாவில் அந்தப் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்ததால் 2021இல் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்துக்கொள்ள வேண்டியவை மிகச் சிறியவை, ஆனால் பயனுள்ளவை: மூன்று மாதத்துக்குப் பதில் இரண்டு ஆண்டுக் கெடு, உற்பத்தியாளர் யார் என்று தெரியாதபோதும் விற்றவரைப் பொறுப்பாக்கும் பொருள் பொறுப்பு விதி, வாங்கிய பொருளுக்குப் பற்றுச்சீட்டு தராமையையும், திருப்பிக் கொடுத்த பழுதான பொருளை ஏற்க மறுப்பதையும் நியாயமற்ற வணிக நடைமுறையாக அறிவித்திருக்கும் வரையறை. வங்கதேசத்திடமிருந்து, வசூலான தண்டப்பணத்தில் முறையிட்டவருக்குப் பங்கு தரும் பிரிவு. எதிர்த்திசையில் இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. 50,000 ரூபாய்க்கு உட்பட்ட முறையீடுகளை மாவட்ட அளவில் ஓர் அதிகாரி சில வாரங்களில் கேட்டு உத்தரவிடவும், கீழ்ப்படியாதவரிடமிருந்து அரசே வசூலித்துக் கொடுக்கவும் வழி செய்தால், ஆணையங்கள் வீட்டையும் காப்புறுதியையும் மருத்துவத்தையும் கவனிக்க நேரம் பெறும்.

அதிகாரியின் கையில் தீர்ப்பைக் கொடுத்தால் இலஞ்சம் பெருகும், நீதிபதியின் கையில்தான் அது பாதுகாப்பாக இருக்கும் என்ற அச்சம் இதற்கு எதிராகக் கடைசியாக முன்வைக்கப்படுகிறது. அச்சம் அடிப்படையற்றதன்று. ஆனால் இலங்கை அதிகார சபையின் உத்தரவுகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிப்பேராணை அதிகாரத்துக்கு உட்பட்டவை. அதாவது சட்டத்தை மீறியோ, ஒரு தரப்பைக் கேட்காமலோ பிறப்பித்த உத்தரவை அந்நீதிமன்றம் இரத்துச் செய்யலாம். இந்திய நுகர்வோர் ஆணையங்களிலோ நீதித்துறையைச் சாராத உறுப்பினர்களும் அமர்கிறார்கள். அவர்களை நியமிப்பது அரசு, அவர்களுடைய பதவிக்காலமும் ஊதியமும் அரசு வகுக்கும் விதிகளைப் பொறுத்தவை. அதிகாரிக்கு அஞ்சுபவர் அந்த உறுப்பினருக்கும் அஞ்ச வேண்டும். எழுத்தில் காரணம் காட்டிய உத்தரவு, அது பிறப்பிக்கப்பட வேண்டிய நாள்கெடு, உத்தரவுகள் அனைத்தும் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படுதல் ஆகிய மூன்றும் இரு நாடுகளின் சட்டங்களிலும் அதிகாரிக்கும் உறுப்பினருக்கும் ஒரே அளவில் எழுதப்பட வேண்டியவை. அவற்றை எழுத எந்த நாடும் மற்றதன் சட்டத்தைப் படியெடுக்கத் தேவையில்லை.